மூன்றாம் மாடிக்கு ஒரு சோபா

கிடங்கில் அவர்களை நெட்டை, சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர்கள் இருந்தன. அவற்றைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதில்லை.

நெட்டை வேன் ஓட்டுவான். சுண்டு அவனுக்கு உதவியாள். ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி போனில் பார்த்து வாங்குகிற பெரிய சாமான்கள், அதாவது ஒரு ஆளால் தூக்க முடியாத பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், சோபா இவற்றையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர்கள் வேலை. வாசலோடு வைத்துவிட்டு வர முடியாது. "நீங்கள் சொல்லும் அறையில், நீங்கள் சொல்லும் மூலையில்" என்று கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. வாக்குக் கொடுத்தது கம்பெனி, முதுகு கொடுத்தது இவர்கள்.

மாடிப்படி ஏறும்போது நெட்டை கீழே நிற்பான், சுண்டு மேலே. உயரமானவன் கீழே இருந்தால்தான் சாமான் சாயாமல் வரும். அந்த ஒரு நேரத்தில்தான் இரண்டு பேரும் ஒரே உயரமாகத் தெரிவார்கள்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதம். "டேய்" என்பதைத் தவிர இருவருக்கும் வேறு பேச்சு வழக்கம் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சுண்டுவின் தங்கையை நெட்டை கல்யாணம் செய்துகொண்டபோது அதற்குத்தான் முதல் ஆபத்து வந்தது. சுண்டுவின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே அவர் இந்த வீட்டு மாப்பிள்ளை. வாடா போடாங்கிறதெல்லாம் வாசலோட நின்னுடணும். சொல்லிட்டேன்."

ஆகவே வேனில் "டேய்", வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் "வாங்க மாப்பிள்ளை". நெட்டையும் விடமாட்டான். ஒரே வேனிலிருந்து இரண்டு நிமிஷம் முன்னால்தான் இறங்கியிருப்பார்கள். "என்ன மச்சான், சௌக்கியமா? பார்த்து ரொம்ப நாளாச்சு" என்பான். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிடுவாள்.

அந்தக் கண்ணாடி மேஜை உடைகிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு வழக்கத்தைவிட ஏழு வீடு அதிகம். மதியச் சாப்பாடு இன்னும் பை திறக்காமல் கிடந்தது. மேஜையின் கண்ணாடிப் பலகை ஒரு பெட்டி, கால்கள் ஒரு பெட்டி. கண்ணாடி தனியாகத்தான் போகவேண்டும் என்பது விதி. நெட்டை இரண்டையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கிவிட்டான். நடைபாதை விளிம்பில் சக்கரம் ஏறியதும் மேலே இருந்த பெட்டி வழுக்கியது. சத்தத்தைக் கேட்டு எதிர் வீட்டு ஜன்னல்கள் மூன்று ஒன்றாகத் திறந்தன.

கிடங்கின் சூப்பர்வைசர் ஒரு பெண்மணி. யார் பக்கமும் சாய மாட்டாள், யாரையும் திட்டவும் மாட்டாள். இரண்டு பேரிடமும் தனித்தனித் தாளைக் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னாள். நெட்டை "தள்ளுவண்டி சரிந்துவிட்டது" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தான். சுண்டு எழுதியது இரண்டு வரி. "இரண்டு பெட்டிகளையும் சேர்த்து ஏற்றியது டிரைவர். நான் வேண்டாம் என்று சொன்னேன்."

நெட்டைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை அடுத்த மாதம் அவனுக்கு வருவதாக இருந்தது. அது வேறொருவருக்குப் போயிற்று.

நெட்டை அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கேட்டான்.

"அப்படியா எழுதின?"

"நடந்ததைத்தானே எழுதினேன்" என்றான் சுண்டு.

மறுநாள் காலை வேனைக் கிளப்பும்போது, "பெல்ட்டைப் போட்டுக்குங்க" என்றான் நெட்டை. வேனுக்குள் அந்த "ங்க" வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சுண்டுவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவனும் "சரிங்க" என்றான். ஒரு வாரத்தில் அந்த மரியாதையும் வற்றிப்போய், பேச்சே நின்றுவிட்டது.

பேசாமல் எப்படி வேலை செய்வது? தட்டித்தான். சாமானின் மேல் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் தூக்கு. மூன்று தட்டினால் இறக்கு. யாரும் உட்கார்ந்து பேசி வகுத்த ஏற்பாடு இல்லை, தானாக அமைந்தது. நாலு மாதம் அப்படியே ஓடியது. அப்படியும் ஒரு பொருளும் உடையவில்லை.

தங்கை ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். நாளெல்லாம் வாயைத் திறக்க வைக்கிற இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் இந்தக் கூத்து. ஒரு மாதம் வரைக்கும் இவன் சொன்னதை அவனிடமும் அவன் சொன்னதை இவனிடமும் கொண்டுபோனாள். பிறகு கையை உதறிவிட்டாள்.

"எனக்கு இருக்கிறது ஒரு புருஷன், ஒரு அண்ணன். ரெண்டு பேரும் வாயைத் தைச்சுக்கிட்டா நான் யார்கூடப் பேசறது? சுவத்தோடயா? நீங்களாச்சு உங்க வீம்பாச்சு."

சோபா வந்தது ஐந்தாவது மாதம்.

மூன்று பேர் உட்காரும் சோபா. உள்ளே மரச்சட்டம், மேலே பஞ்சு, அதற்கு மேல் துணி, துணிக்கு மேல் அட்டையும் பிளாஸ்டிக்கும். போகவேண்டியது மூன்றாம் மாடிக்கு. கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. அதற்குள் மூன்று பேர் நிற்கலாம், மூன்று பேர் உட்காருவது நுழையாது.

சாமானைத் தூக்குவதற்கு முன் ஒருவர் வெறுங்கையோடு படியேறி, வழியையும் கதவையும் அளந்து வரவேண்டும். அன்றைக்கு அளவு நாடாவோடு சுண்டு போனான். மூன்றாம் மாடிக் கதவை ஒரு பெண் திறந்தாள். நாற்பது வயது இருக்கும். காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக். அதைக் கையால் மூடிக்கொண்டு, மூச்சுக்காற்றிலேயே பேசினாள்.

"மன்னிச்சுக்கங்க. நான் டீச்சர். உள்ள கம்ப்யூட்டர்ல வாய்மொழிப் பரீட்சை நடந்துக்கிட்டு இருக்கு. பிள்ளைங்க ஒவ்வொருத்தரா வந்து பதில் சொல்றாங்க. இந்த மைக் எறும்பு நடந்தாக்கூட இழுத்துக்குது. கொஞ்சம் சத்தமில்லாமக் கொண்டுவர முடியுமா?"

"முடியும்மா."

"ஆறு வாரமாத் தரையில உட்கார்ந்து பாடம் எடுக்கிறேன். இன்னிக்கும் வரலன்னா என் இடுப்பு என்னை விட்டுட்டுப் போயிடும்."

சுண்டு கீழே இறங்கி வந்தான். நெட்டையைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, மேலே கையைக் காட்டினான். நெட்டை தலையசைத்தான். நாலு மாதமாக ஒரு வார்த்தை பேசாத இரண்டு பேரிடம் சத்தம் போடாதீர்கள் என்றால் அதில் என்ன கஷ்டம்? சுண்டு அப்படித்தான் நினைத்தான்.

முதல் மாடி வரை ஒரு தொல்லையும் இல்லை. திருப்பத்தில் சுண்டு வழக்கம்போல் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். படிக்கட்டு முழுக்க வெறும் சுவர். அந்தத் தட்டு மேளம் மாதிரி எதிரொலித்தது. உடனே மேலேயிருந்து "உஷ்" என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், கைப்பிடிக் கம்பிக்கு மேல் டீச்சரின் கை மட்டும் தெரிந்தது. வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது.

அதோடு தட்டும் நின்றது.

இரண்டாம் மாடித் திருப்பம் குறுகலானது. சோபாவைச் செங்குத்தாக நிமிர்த்தி, மெல்லத் திருப்பி, மறுபடி சாய்க்க வேண்டும். நிமிர்த்திய பிறகு மேலே இருக்கிறவனுக்குக் கீழே இருக்கிறவனின் தலைமுடிகூடத் தெரியாது. சுண்டு இழுத்தான். கொஞ்சம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அட்டை எங்காவது மாட்டியிருக்கும் என்று நினைத்து ஒரு அசைப்பு அசைத்து, கீழ்நோக்கித் தள்ளி, மறுபடி இழுத்தான். வரவில்லை. இன்னும் பலமாக ஒரு தள்ளு. அதற்கும் அசையவில்லை. மூன்றாவது தடவை தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

கீழே நெட்டையின் இடது கை சோபாவின் சட்டத்துக்கும் இரும்புக் கம்பிக்கும் நடுவே இருந்தது. வலது கை முழு பாரத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. தட்டுவதற்குக் கை இல்லை. வாய் இருந்தது. முதல் தள்ளில் பல்லைக் கடித்துக்கொண்டான். இரண்டாவதில் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவது வந்தபோது பேசினான். கத்தவில்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரி, தாழ்ந்த குரலில்.

"டேய். கை மாட்டிக்கிச்சுடா."

சுண்டுவுக்கு முதலில் அந்தக் குரல் எங்கேயிருந்து வருகிறது என்றே புரியவில்லை. புரிந்த உடனே தோளைச் சோபாவிலிருந்து எடுத்தான்.

"எந்தக் கை?"

"இடது."

"இழுக்கட்டுமா, தள்ளட்டுமா?"

"தள்ளாத. தள்ளாதடா! மேல தூக்கு. உன் பக்கம் ஒரு நாலு விரக்கடை தூக்கினாப் போதும்."

"மூணு எண்ணுறேன். ஒண்ணு... ரெண்டு..."

அந்த மாதிரி ஒரு பாரத்தைச் சுண்டு தனியாகத் தூக்கியதே இல்லை. மூன்று சொன்னானா இல்லையா என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. சோபா மேலே வந்தது. கீழே நெட்டை நீளமாக மூச்சு விட்டான். அது அழுகைக்கு வெகு பக்கத்தில் இருந்தது.

அதற்குள் டீச்சர் வெளியே வந்துவிட்டாள். "ப்ளீஸ், கொஞ்சம் சத்தம்..." என்று ஆரம்பித்தவள், கம்பி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். கம்பியில் ரத்தம். உடனே மைக்கை வாயருகில் இழுத்து, வகுப்பறைக் குரலில், "பரீட்சை இன்னிக்கு இவ்வளவுதான். மத்தவங்க நாளைக்கு வாங்க" என்றாள். உள்ளே கம்ப்யூட்டரிலிருந்து யாரோ ஒரு பிள்ளை சந்தோஷத்தில் கூவியது படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

இப்போது சோபா திருப்பத்தில் நட்டுக்கொண்டு நின்றது. மேலே இருக்கிறவர்கள் இறங்க முடியாது, கீழே இருக்கிறவர்கள் ஏற முடியாது. டீச்சர் ஹெட்போனைக் கழற்றிப் படியில் வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து கீழே போனாள்.

"நான் பிடிக்கிறேன். எங்க பிடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"உங்களால முடியாதும்மா" என்றான் நெட்டை.

"முப்பத்தாறு பிள்ளைங்களை மேய்க்கிறேன். இது ஒரு சோபா. சொல்லுங்க."

கையை மார்போடு அணைத்துக்கொண்டு, நெட்டை வாயாலேயே வழிநடத்தினான். "காலைப் பிடிக்காதீங்க, கழண்டுடும். சட்டத்தைப் பிடிங்க. டேய், நீ ஒரு படி மேல போ. இன்னும் ஒண்ணு. இப்ப உன் வலது பக்கம் சாய். ஆங், அப்படியே. டீச்சரம்மா, உங்க தோளு சுவத்துல இடிக்கும், பார்த்து." பேச்சோடு ஏற்றினால் அது நாலு நிமிஷ வேலை.

புது சோபாவில் முதலில் உட்கார்ந்தவன் நெட்டைதான். பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கவில்லை. டீச்சர் உறைந்த பட்டாணிப் பை ஒன்றைத் துணியில் சுற்றி அவன் கையில் வைத்தாள். இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கியிருந்தன.

"என்னாலதான்" என்றாள் அவள். "நான் சத்தம் போடாதீங்கன்னு சொன்னதாலதானே?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்லம்மா" என்றான் சுண்டு. "அது எங்க வீட்டு விஷயம்."

மருத்துவமனைக்கு வேனைச் சுண்டு ஓட்டினான். உரிமம் இருந்தது, ஓட்டிப் பழக்கம்தான் குறைவு. ஆசனம் நெட்டையின் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. சுண்டுவின் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. முன்னால் இழுத்து இழுத்து, கடைசியில் ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கிற அளவுக்கு வந்து உட்கார்ந்தான்.

"வண்டி ஓட்டப் போறியா, கட்டிப்பிடிக்கப் போறியா?" என்றான் நெட்டை.

சுண்டு சிரிக்கவில்லை. இரண்டு தெரு தாண்டிய பிறகு கேட்டான்.

"ஏன்டா கத்தல? மொதல் தடவையே கத்தியிருந்தா விட்டிருப்பேனே."

"அந்தம்மா சத்தம் போடக் கூடாதுன்னாங்க."

"அதுக்காக விரலை நசுக்கக் குடுப்பியா?"

நெட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நீ மொதல்ல பேசட்டும்னு இருந்தேன். நாலு மாசமா அப்படித்தான் இருந்தேன். ஒரு விரலுக்காக அதை ஏன் விடணும்னு தோணுச்சு. ரெண்டாவது விரலும் போனப்பத்தான் புத்தி வந்துச்சு."

சிக்னலில் வேன் நின்றது. சுண்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் சொல்லல."

"எதை?"

"கண்ணாடி மேஜை அன்னிக்கு. வேணாம்னு நான் சொல்லவே இல்ல. மனசுல நினைச்சேன். பசி வேற, சீக்கிரம் முடிஞ்சாச் சரின்னு நானும் பேசாமத்தான் நின்னேன். எழுதும்போது சொன்னேன்னு எழுதிட்டேன்."

"தெரியும்" என்றான் நெட்டை. "என் காது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன்டா நீ..."

"எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டயே எதுக்குடா சொல்ற? தெரியாதவங்க இருக்காங்கல்ல."

சிக்னல் மாறியது. பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. சுண்டு வேனை எடுத்தான்.

நடுவிரலில் தோல் கிழிந்திருந்தது, நாலு தையல். மோதிர விரலில் எலும்பு விரிசல். ஆறு வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்றார் டாக்டர். சுண்டு வெளியே வந்து தங்கைக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?"

"பேசிட்டோம்."

"அப்பச் சரி. எலும்பு கூடிடும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். ஆனால் அரைமணி நேரத்தில், தன் பல் மருத்துவமனைச் சீருடையோடு, தலைகலைந்து ஓடி வந்தாள். புருஷனின் கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரையும் சேர்த்துவைத்துத் திட்டினாள். வார்டில் இருந்த நர்சுகள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் மறுபடியும் ஒரு தாளை நீட்டினாள். இந்தத் தடவை சுண்டுவுக்கு மட்டும். "நடந்ததை எழுதுங்க."

அவன் ரொம்ப நேரம் எழுதினான். சோபா மாட்டியதையும், கீழே இருக்கிறவனைக் கேட்காமலே மூன்று தடவை தள்ளியதையும் எழுதினான். நாலு மாதமாகத் தங்களுக்குள் பேச்சு இல்லை என்பதை எழுதினான். ஏன் இல்லை என்பதற்குக் கண்ணாடி மேஜை உடைந்த நாளை எழுத வேண்டியிருந்தது. "நான் வேண்டாம் என்று சொன்னதாக அப்போது எழுதியிருந்தேன். சொல்லவில்லை" என்று எழுதி நிறுத்தினான். இதைப் படித்தால் இந்த அம்மாள் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று ஒரு கணம் தோன்றியது. தாளைக் கொடுத்துவிட்டான்.

சூப்பர்வைசர் படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"நாலு மாசமா, அத்தனை வீட்டுக்கும், தட்டித் தட்டியே கொண்டுபோய்ச் சேர்த்தீங்களா?"

"ஆமாங்க."

"உங்களைத் திட்டறதா, இல்ல இந்தத் திறமைக்கு ஒரு பரிசு குடுக்கறதான்னு தெரியல" என்றாள். சிரிக்கவில்லை. "எச்சரிக்கைக் கடிதம் இப்ப உங்களுக்கு வரும். பேசாத ரெண்டு பேரை ஒரே வண்டியில அனுப்ப என்னால முடியாது. நாளையிலிருந்து நீங்க வேற வண்டி."

"இப்பப் பேசறோங்க."

"சந்தோஷம். வீட்ல பேசுங்க."

வேறு வண்டி என்றால் ரேடியோவின் வண்டி. அந்த டிரைவருக்குக் கிடங்கில் அப்படித்தான் பெயர். காலையில் சாவியைத் திருகினால் வண்டி கிளம்புகிறதோ இல்லையோ, அவர் பேச்சு கிளம்பிவிடும். சாயங்காலம் வண்டியை நிறுத்திய பிறகும் ஒரு பத்து நிமிஷம் ஓடும். தன் மூட்டுவலி, மகளின் பள்ளிக்கூடம், எந்தத் தெருவில் எந்த நாய் என்ன குணம், ஒன்றையும் விடமாட்டார். சுண்டு "ம்" கொட்டிக்கொண்டே மெத்தைகளைத் தூக்கினான்.

தங்கை வீட்டுக்கு அவன் போகவில்லை. தினமும் இன்றைக்குப் போகலாம் என்று நினைப்பான். நசுங்கிய விரலின் நினைவு வரும், போகமாட்டான். போனில் விசாரித்துக்கொண்டான். அப்படியே இரண்டு வாரம் ஆயிற்று.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், அன்றைய பட்டியலைக் கையிலிருந்த டெலிவரிக் கருவியில் பார்த்துக்கொண்டு வந்தவன் ஆறாவது முகவரியில் நின்றான். மூன்று கதவு அலமாரி ஒன்று. பகுதி பகுதியாகப் பெட்டியில் வரும், வீட்டில் வைத்துப் பொருத்திக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் பெயர் அவன் தங்கையின் பெயர்.

"என்ன, முகம் அப்படிப் போகுது? நாய் இருக்கிற வீடா?" என்றார் ரேடியோ.

"என் தங்கச்சி வீடு."

"அட, அப்பக் கட்டாயம் டீ உண்டு."

மணியை அடித்ததும் நெட்டைதான் கதவைத் திறந்தான். கையில் பட்டை கட்டி, கழுத்தில் தொட்டில் மாதிரி மாட்டியிருந்தது. சவரம் செய்யாத முகம். வாசலில் சுண்டு சீருடையோடு நின்றான். தினமும் சொல்வதையே சொன்னான்.

"டெலிவரிங்க. ஒரு அலமாரி."

"நாங்க அலமாரி எதுவும் கேட்கலியே."

"நான்தான் கேட்டேன்" என்று உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "உங்க சட்டையெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு நாற்காலி மேலயே குடியிருக்கும்?"

துண்டில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். "அப்படிப் பார்க்காத அண்ணா. நீதான் வருவேன்னு கணக்குப் போட்டு வாங்கல. வேற வண்டி வந்திருந்தா அலமாரி கிடைச்சிருக்கும். நீ வந்ததுல அண்ணனும் கிடைச்சான். உள்ள வா."

நெட்டைக்கு அன்று வாடிக்கையாளர் வேஷம். வாழ்க்கையில் முதல் தடவை. அவனால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பெட்டிகள் உள்ளே வரும்போது, "நிலைப்படி, நிலைப்படி" என்றான். "சுவத்துல உரசப் போகுது" என்றான். பலகைகளைப் பிரித்துப் பொருத்த ஆரம்பித்ததும் குனிந்து குனிந்து பார்த்தான். "அந்தத் திருகாணி அதுக்கில்லடா, இந்தச் சின்னது." கடைசியில் சுண்டு திருப்புளியைக் கீழே வைத்தான்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நெட்டை திகைத்துப்போய் இரண்டு அடி பின்னால் போனான். "இத்தனை வருஷமா நாம எல்லாரையும் இப்படித்தான் விரட்டினோமா?"

"இதைவிட மோசமா" என்றான் சுண்டு.

தங்கை சிரித்தாள். ரேடியோ சிரித்தார். சிரித்துக்கொண்டே, தம் மைத்துனருக்கு ஒருமுறை விரல் மாட்டிக்கொண்ட கதையைத் தொடங்கினார். டீ வந்தபோது தங்கை அவரைச் சாமர்த்தியமாகப் பால்கனிப் பக்கம் அழைத்துப் போய், அங்கேயிருந்த செடிகளைப் பற்றி அபிப்பிராயம் கேட்டாள்.

பாதி நிமிர்ந்த அலமாரிக்கு இரண்டு பக்கமும் அவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சூப்பர்வைசரம்மா போன் பண்ணினாங்க" என்றான் நெட்டை. "என் கடிதத்தை எடுத்துட்டாங்களாம். அந்தப் பயிற்சி வேலை போனது போனதுதான். வேற இடம் வந்தாப் பார்க்கலாம்னாங்க."

"ம்."

"நீ எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க."

சுண்டு டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் கோவமா இருக்கியா?"

நெட்டை டீயை ஊதி ஆற்றினான். "இருக்கு. இல்லன்னு சொன்னாப் பொய். ஆனா முன்ன மாதிரி இல்ல. அப்பல்லாம் தொண்டையில நின்னுச்சு. இப்பச் சோறு இறங்குது." ஒரு வாய் குடித்துவிட்டு, "நீ ஏன்டா இவ்வளவு நாள் வரல? விரலைப் பார்க்கப் பயமா?" என்றான்.

"ஆமா."

"பாரு." தொட்டிலிலிருந்து கையை எடுத்து, பட்டையை அவிழ்த்து நீட்டினான். வீக்கம் வடிந்திருந்தது. தையல் போட்ட இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. மோதிர விரல் மட்டும் சற்றே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுண்டு பார்த்தான். தொடவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை.

பிறகு எழுந்து மிச்சப் பெட்டியைப் பிரித்தார்கள். அதில்தான் கதவுகள் இருந்தன. முதல் கதவு பழுப்பு. இரண்டாவது கதவு பழுப்பு. மூன்றாவதைப் பிரித்த சுண்டு அப்படியே நின்றான். அது பளிச்சென்ற வெள்ளை.

தங்கை பால்கனியிலிருந்து வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "ஒரே அலமாரிக்குக் கதவைக்கூட ஒழுங்கா அனுப்பத் தெரியாதா உங்க கம்பெனிக்கு?"

"எங்க தப்பு இல்ல. இது தொழிற்சாலையில நடந்தது" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஆகா, கம்பெனின்னா மட்டும் ஒத்துமையைப் பாரு."

இரண்டு கதவுகளைப் பொருத்திவிட்டு, வெள்ளைக் கதவைத் திருப்பி அனுப்புவதற்கு ரேடியோ கருவியில் பதிந்தார். சுண்டு கதவைத் தூக்கினான். லேசான பலகை. நெட்டை செருப்பை மாட்டிக்கொண்டு, நல்ல கையால் அதன் மறுமுனையைப் பிடித்தான்.

"இது ஒரு ஆள் தூக்கறதுடா" என்றான் சுண்டு.

"தெரியும். நீ நட."

தெருவுக்கு வந்தபோது மேலே ஜன்னலிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "புதுக் கதவு எப்ப வரும்?"

"வியாழக்கிழமை" என்றான் சுண்டு.

"அதெல்லாம் நம்பாத. சனிக்கிழமைதான்" என்றான் நெட்டை.

வேனின் பின்கதவை அடைத்த பிறகும் அதைப் பற்றியே இருவரும் தெருவில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். கதவு வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.